பத்தரை மணிக் குஞ்சு

இந்தக் கதையைப் பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பதிமூன்று வருஷமாக நானே இதை நம்பவில்லை.

வருகிறவர்களிடம் இப்படி ஆரம்பிக்கிற வழக்கம் எனக்கில்லை. உங்களிடம் சொல்லக் காரணம் உங்கள் கையிலிருக்கிற என் புத்தகம்தான். ‘கோழி இல்லாமல் குஞ்சு’, மூன்றாம் பதிப்பு. பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு வைத்திருக்கிறீர்கள். அதில் உள்ளபடியே பெட்டி செய்து, அறுபது முட்டை வைத்து, ஒன்றும் பொரிக்கவில்லை என்கிறீர்கள். மறுபடி அறுபது. மறுபடி ஒன்றும் இல்லை. இதை நம்பித் திருப்பூரில் பார்த்த வேலையையும் விட்டிருக்கிறீர்கள். மூன்றாம் முறை வைப்பதற்கு முன்னால் எழுதினவனையே கேட்டுவிடலாம் என்று கரூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும்.

இப்படி வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி. “ஈரப்பதம் பார்த்தீங்களா?” யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தப்பு தங்களுடையதுதான் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வேளைக்கு வேளை எழுதியும் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

பின்பக்கம் ‘பா, பா’ என்று ஒரு குரல் கேட்கிறதே, அது என் மனைவி வசந்தாமணி. கோழிக்குத் தீனி போடுகிறாள். இந்தக் கதையை எனக்குச் சொன்னவளே அவள்தான். குஞ்சு பொரித்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஆக, நான் எழுதின புத்தகம், நான் கொடுத்த பேட்டி, நான் நடத்தின பயிற்சி வகுப்பு எல்லாம் அவள் கண்ணால் பார்த்து, வாயால் சொன்ன ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது. இதை இப்படி யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் யோசித்திருக்கிறேன். தினமும்.

எல்லாம் ஒரு கிடா விருந்தில் ஆரம்பித்தது. வசந்தாமணியின் அண்ணன் நாச்சிமுத்து கோழித்தீவனக் கடை வைத்திருப்பவர். இலையில் உட்கார்ந்தால் கோழியைத் தவிர வேறு பேச்சு வராது. எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தது, எத்தனை பொரித்தது என்று பிள்ளை பெற்ற கதை மாதிரிச் சொல்வார். கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் நான் ஒரு வார்த்தை சொன்னேன். “மச்சான், அடைக்கோழிங்கறது என்ன? ஒன்றரைக் கிலோ ஹீட்டர். அதுவும் நினைச்சப்ப எந்திரிச்சுப் போயிடற ஹீட்டர். அது செய்யற வேலைய ரெண்டு குண்டு பல்பு செய்யும்.”

பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. நாச்சிமுத்து எலும்பை இலையில் வைத்தார்.

“அப்பப் பொரிச்சுக் காட்டுங்க மாப்ள. நூறு வேண்டாம். ஒண்ணே ஒண்ணு. பொரிச்சுட்டீங்கன்னா நான் நோட்டும் பேனாவும் எடுத்துட்டு உங்ககிட்டப் படிக்க வர்றேன். பொரிக்கலீன்னா, இனி எங்கூட்டு விசேசத்துக்கு வந்தா சீரியல் செட்ட மாட்டிட்டு, சோத்தத் தின்னுட்டு, வாயத் தொறக்காமப் போயிரோணும்.”

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில் மாமனார் வீட்டில் வாய் திறக்காமல் இருப்பதென்றால் என்ன என்று கல்யாணமானவர் உங்களுக்கே தெரியும். பேச்சைத் தவிர வேறு எதை அங்கே கொண்டுபோக முடியும் எனக்கு?

பெட்டி செய்தேன். மீன் வந்த தெர்மோகோல் பெட்டி. நாற்பது வாட் பல்பு இரண்டு. பழைய கம்ப்யூட்டரில் கழற்றின விசிறி. ஈரத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். சூடு முப்பத்தேழரை டிகிரியைத் தாண்டினால் பல்பை அணைக்க ஒரு தெர்மோஸ்டாட், அதை இஸ்திரிப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நாச்சிமுத்து வந்து பார்த்துவிட்டு, “இஸ்திரிப் பெட்டிச் சாமானா? குஞ்சு மடிப்பு கலையாம வருமுங்களா மாப்ள?” என்றார். அறியாமைக்கு எல்லை உண்டா? இஸ்திரிப் பெட்டிக்கு இருக்கிற சூடு வேறு, முட்டைக்கு வேண்டிய சூடு வேறு என்பது எனக்குத் தெரியாதா? திருகைத் திருப்பி வைத்தேன். எவ்வளவு திருப்பினேன் என்பதைப் புத்தகத்தில் எழுதவில்லை. அது அனுபவத்தில் வருவது.

பெட்டியை வைக்கக் காற்று அடிக்காத அறை வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இருந்தது வசந்தாமணியின் தையல் அறை ஒன்றுதான். அவள் அப்போது ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சித்திரை மாதம், கல்யாண சீசன். இருபத்தொரு நாள்தானே என்று மெஷினைத் தூக்கிச் சமையலறையில் போட்டேன். அளவு கொடுக்க வந்த பெண்கள் வாசலில் வெயிலில் நின்றார்கள். ஒரு பெண் மூன்று ரவிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வசந்தாமணி மிச்சத்தை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைத்து முடித்தாள். அவளுக்கு என் முயற்சிகளின் மேல் எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

வீட்டில் முப்பத்து மூன்று முட்டை சேர்ந்திருந்தது. அதில் வடிவும் எடையும் பார்த்து இருபத்து நான்கைப் பொறுக்கினேன். கோணலும், பொடிசும், ஓடு சொரசொரத்ததும் ஒன்பது மிஞ்சின. அவற்றை வசந்தாமணி எடுத்துக்கொண்டு போய்த் தன் செவலைக் கோழிக்கு அதே நாளில் அடை வைத்தாள். “வீணாப் போறதுதானுங்களே, அது பாட்டுக்கு உக்காந்துட்டுப் போகட்டும்” என்றாள். போகட்டும் என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன்.

என் முட்டைகளுக்குப் பென்சிலில் எண் போட்டேன். ஒன்று முதல் இருபத்து நான்கு. ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் வட்டம். கோழி முட்டையைப் புரட்டிப் புரட்டி விடுமில்லையா, பெட்டியில் நாம்தான் புரட்ட வேண்டும். காலை கூட்டல் மேலே, மதியம் வட்டம் மேலே. மையில் எழுதினால் ஓட்டுக்குள் இறங்கிவிடும், அதனால் பென்சில். அவளோ அவளுடைய ஒன்பதுக்கும் அடுப்புக் கரியால் ஆளுக்கொரு கோடு இழுத்தாள். வேறு கோழி அந்தக் கூடையில் ஏறிப் புதிதாக முட்டை வைத்துவிட்டால் பழசு எது, புதுசு எது என்று தெரிய வேண்டுமாம். அந்தக் கரித்துண்டையும் ஓர் ஆணியையும் கூடைக்குள்ளேயே போட்டாள். இடி இடித்தால் முட்டை கலங்கிப் போகாமல் இருக்க.

பன்னிரண்டாம் நாள் கோடை மழை, நல்ல இடி. மெதுவாக என்னிடம் வந்து, “ஏனுங்க, பெட்டிக்குள்ளயும் ஒரு ஆணி போட்டர்லாமுங்களா?” என்றாள். சிரித்துவிட்டேன். இடி என்றால் என்ன, மின்னூட்டம் என்றால் என்ன என்று அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே முட்டையைக் காட்டிக்காட்டிச் சொன்னேன். அரை மணி நேரம். “மூடிய மூடீட்டுச் சொல்லுங்” என்று நடுவில் இரண்டு தடவை சொன்னாள். பாடத்தில் கவனமே இல்லை அவளுக்கு.

ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். எல்லா முட்டையிலும் கருப்பாகத் தெரிந்தது. ‘இருபத்து நான்கிலும் கரு வளர்கிறது’ என்று புத்தகத்திலும் எழுதினேன். கெட்டுப்போன முட்டையும் அப்படியே கருப்பாகத் தெரியும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். மூன்றாம் பதிப்பில் சேர்க்கலாம் என்றிருந்தேன், இடம் போதவில்லை.

நான் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வர ஐந்து ஆகும். எனவே பகலில் புரட்டுவது, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றுவது, மணிக்கொருதரம் சூடு பார்த்து நோட்டில் குறிப்பது இதெல்லாம் அவள். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத காலம் அது. போனால் நான்கு பாட்டிலில் சுடுதண்ணீர் பிடித்து முட்டைக்கு நடுவில் வைத்து, அரை மணிக்கொருதரம் மாற்ற வேண்டும். அதுவும் அவள். மற்ற எல்லாம் நான்.

இருபத்தொன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு எங்கள் பிரின்சிபாலை அழைத்திருந்தேன். பத்திரிகைக்குச் செய்தி அனுப்பும் ஒருவரை அழைத்திருந்தேன். நாச்சிமுத்துவைச் சொல்லவே வேண்டாம், பெண்டாட்டி பிள்ளைகளோடு வரச் சொல்லியிருந்தேன். அன்று காலை ஒன்பது மணிக்கு ஐ.டி.ஐ.யில் மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மாதாந்திரப் பராமரிப்பு. ஒன்பதிலிருந்து ஐந்துவரை ஊருக்கே கரண்ட் கிடையாது. இரண்டு நாள் முன்பே அறிவிப்பு வந்திருக்கிறது. மின்சாரம் சொல்லிக்கொடுக்கிறவன் பார்க்கவில்லை. நீங்கள் சிரிக்கலாம், பரவாயில்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். “பாட்டில் மாத்தறியா?”

“மாத்தீட்டேதானுங் இருக்கறேன்.”

“சூடு எவ்வளவு?”

“நீங்க சொன்ன அளவுதானுங்.”

பதினொன்றுக்குக் கால் மணி இருக்கும்போது அவளே கூப்பிட்டாள். அவள் அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொல்கிறேன், கேளுங்கள். “பத்தரை மணி இருக்குமுங். பாட்டில் மாத்தலாம்னு மூடியத் தொறந்தேன். டொக்குனு ஒரு சத்தம். பார்த்தா மூக்கு தெரியுது. அப்பறம் தலை. அப்பறம் முழுசா வெளிய வந்து என்னையப் பார்த்துச்சுங்.” போனில் அவள் குரலுக்குப் பின்னால் ஒரு கோழி கத்து கத்தென்று கத்திக்கொண்டிருந்தது. எனக்கு அதெல்லாம் காதில் ஏறுகிற நிலையா? வகுப்பில் இருந்தவர்களிடம் சொன்னேன். கை தட்டினார்கள்.

மாலை எல்லோரும் வந்தார்கள். மூடியைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு குஞ்சு. பஞ்சு மாதிரி உலர்ந்து, திடமாக நின்றுகொண்டு, தண்ணீர்க் கிண்ணத்தைக் கொத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் உடைந்த ஓடு. பிரின்சிபால் கை கொடுத்தார். செய்தியாளர் போட்டோ எடுத்தார். அதோ சுவரில் மாட்டியிருக்கிறதே, அதுதான். என் தோளுக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு கோழித் தலை தெரிகிறதா? செவலை. அன்று முழுக்க அந்த ஜன்னலைவிட்டு நகரவில்லை. புது விஞ்ஞானத்தைப் பார்த்தால் ஐந்தறிவுக்கும் ஓர் ஆர்வம் வரத்தான் செய்யும் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நாச்சிமுத்து குஞ்சைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

“ஏனம்மிணி, இது பெட்டீல பொரிச்சதா?”

“ஆமாங்ணா.”

“நெசமாலுமா?”

“நாந்தேன் பார்த்தேன். பத்தரை மணி இருக்கும். பாட்டில் மாத்தலாம்னு மூடியத் தொறந்தேன்...”

முழுவதும் கேட்டார். தங்கை முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னிடம் திரும்பி, “செரிங்க மாப்ள, ஜெயிச்சுட்டீங்க” என்றார். அவ்வளவுதான். அந்தக் குஞ்சுக்குப் ‘பல்பு’ என்று பேர் வைத்துவிட்டுக் கிளம்பினார். அன்றிலிருந்து இன்றுவரை அந்த மனுஷன் என்னைக் கிண்டல் செய்ததில்லை. விருந்தில் நான் பேசினால் எல்லோரையும் அதட்டி அமைதியாக்கிவிட்டுக் கேட்கிறார். “மாப்ள பேசட்டும், பேசட்டும்.” தோற்ற மச்சான் இவ்வளவு மரியாதையாக இருப்பாரா? நீங்களே சொல்லுங்கள். எனக்கு அந்த மரியாதைதான் முள்ளாகக் குத்த ஆரம்பித்தது.

குஞ்சைத் தரையில் விட்டதும் ஓடிப்போய்ச் செவலையின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது. வேறு குஞ்சு பக்கத்தில் வந்தால் மண்டையைக் கொத்திவிடுகிற கோழி, இதை ஒன்றும் செய்யவில்லை. ‘இயந்திரக் குஞ்சைத் தாய்க்கோழி பாகுபாடின்றி ஏற்கிறது.’ இருபத்து மூன்றாம் பக்கம். நீங்கள் அதிலும் கோடு போட்டிருக்கிறீர்கள். செவலைக்கு ஒன்பது முட்டையில் எட்டுக் குஞ்சு இருந்தது. ஒன்று கூமுட்டை என்று வசந்தாமணி சொன்னாள். பல்பையும் சேர்த்தால் ஒன்பது.

அன்று இருட்டுவதற்குள் தையல் மெஷின் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. “அதான் பொரிச்சிருச்சில்லீங்ளா, இனிப் பெட்டியப் பரண்ல போட்டர்லாமுங்” என்றாள். சந்தோஷத்தில் அவளே தூக்கிப் போட்டாள். நானும் அதற்கப்புறம் வைக்கவில்லை. ஒரு தடவை நிரூபித்தால் விஞ்ஞானம். திரும்பத் திரும்பச் செய்தால் வியாபாரம். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். தனியாக இருக்கும்போது என்னையே வேறு மாதிரிக் கேட்டுக்கொள்வேன். இன்னொரு தடவை வைக்கப் பயமா உனக்கு, சென்னியப்பா?

மீதி முட்டைகளை மறுநாள் தோட்டத்துக்குக் கொண்டுபோய் உடைத்தேன். அந்த நாற்றத்தை விடுங்கள். இருபத்து மூன்று இருந்தது. ஓடு ஒன்று. கணக்குச் சரி. கணக்குச் சரியாக இருந்ததில் எனக்கு ஒரு வருஷம் நிம்மதி. பிறகு ஒருநாள் தோன்றியது, ரவிக்கைக்கு அளவு எடுக்கிறவள், ஒன்றைக் கூட்டினால் ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று தெரியாதவளா?

அடுத்த வருஷம் புத்தகம் எழுத உட்கார்ந்தபோது அவள் சூடு குறித்த நோட்டை எடுத்தேன். முப்பத்தேழரை. முப்பத்தேழரை. முப்பத்தேழரை. இருபத்தொரு நாள், மணிக்கொருதரம், ஒரு புள்ளி ஏறவில்லை, இறங்கவில்லை. எட்டாம் நாள் ஒரு பல்பு ஃபியூஸ் ஆனது, அன்றைக்கும் முப்பத்தேழரை. கடைசி நாள் ஊருக்கே கரண்ட் இல்லை, அன்றைக்கும் முப்பத்தேழரை. ஒரே பேனா, ஒரே அழுத்தம். இவ்வளவு சீரான பெட்டி உலகத்தில் இருக்க முடியுமா என்று ஒரு மனம் கேட்டது. உன் பெட்டிதானே, இருக்கலாம் என்று இன்னொரு மனம் சொன்னது. அட்டவணையாக அச்சில் போட்டுவிட்டேன். பத்தொன்பதாம் பக்கம்.

அப்புறம், அவள் சொல்கிற விதம். நான் இருபத்தைந்து வருஷமாக வகுப்பெடுக்கிறவன். நடந்ததைச் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் ஒன்றை விடுவான், ஒன்றைச் சேர்ப்பான். மனப்பாடம் செய்தவன்தான் எழுத்து மாறாமல் ஒப்பிப்பான். பதினான்கு வருஷமாகப் பத்தரை பத்தேமுக்கால் ஆனதில்லை. டொக்கென்ற சத்தம் டிக்கென்று ஆனதில்லை. முதலில் மூக்கு, அப்புறம் தலை.

கேட்டிருக்கலாமே என்று பார்க்கிறீர்கள். கேட்டு, ‘இல்லீங், நாந்தான் வச்சேன்’ என்று அவள் சொல்லிவிட்டால்? நான் யார்? என் புத்தகம் என்ன? உங்களைப் போல எத்தனை பேர்! வருகிறவர்கள் எல்லாம் என்னிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு, போகும்போது பின்பக்கம் அவளிடம் கூடை நிறையக் குஞ்சு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அவளுக்கு இப்போது நாற்பது அடைக்கோழி. தையலை விட்டு வருஷங்களாகிவிட்டன. என் புத்தகத்தால் அவளுக்கும் ஏதோ ஒரு வகையில் நன்மைதான்.

இந்தத் தீப்பெட்டியைப் பாருங்கள். அன்றைய ஓடு. பெரிய துண்டு இதுதான். எண் எங்கே என்கிறீர்களா? எண் இருந்த துண்டைக் குஞ்சு மிதித்துப் பொடியாக்கிவிட்டது என்று வைத்துக்கொண்டேன். இதோ ஒரு கோடு இருக்கிறது. என் கூட்டல் குறியின் ஒரு கை, ஈரத்தில் பென்சில் கொஞ்சம் தடித்துவிட்டது என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொள்ளத்தான் எவ்வளவோ இருக்கிறதே. இதை இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தேய்த்துப் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

நீங்கள் தேயுங்கள். பரவாயில்லை, மெதுவாக. ஒரு தடவை போதும்.

விரலைக் காட்டுங்கள்.

ம். பென்சில் இப்படி உதிராது. இது அடுப்புக் கரி.

அந்தக் கோணல் ஒன்பதில் ஒன்று. நான் வேண்டாமென்று ஒதுக்கினது.

இல்லை, நீங்கள் எழுந்திருக்காதீர்கள். உங்கள் மூன்றாவது அறுபதை என்ன செய்வது என்று நான் இன்னும் சொல்லவில்லையே. சொல்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அதோ டம்ளரோடு வந்துவிட்டாள்.

“தம்பி கரூருங்ளா? டீ எடுத்துக்கங்க, ஆறிப்போயிரும். அந்தக் குஞ்சப் பத்திக் கேட்டீங்ளா? பத்தரை மணி இருக்குமுங். பாட்டில் மாத்தலாம்னு மூடியத் தொறந்தேன்...”

இரு வசந்தா. டம்ளரைக் கீழே வை. இவர் விரலைப் பார்த்தாயா? பார்த்துவிட்டாய். சரி. நான் கோபத்தில் கேட்கவில்லை, சத்தியமாக இல்லை. மச்சானுக்கும் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரியாமலா இருக்கும். எனக்கு ஒன்றே ஒன்று மட்டும் சொல். அந்தக் குஞ்சைச் செவலைகிட்டயிருந்து எடுத்து உள்ளே விட்டாயே, அப்போது பெட்டி சூடாகவாவது இருந்துச்சா?